அதிகாரத்திடம் கேட்க ஐந்து கேள்விகள்: டோனி பென் அரசியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

அதிகாரத்தில் இருக்கும் எவரைக் கண்டாலும் ஐந்து கேள்விகள் கேளுங்கள் என்று பிரிட்டன் தொழிற்கட்சியின் இடதுசாரித் தலைவர் டோனி பென் மேடைக்கு மேடை சொல்லிவந்தார். 2001 மார்ச் 22 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் விடைபெற்றுப் பேசியபோதும் இதையே சொன்னார். கேள்விகள் இவை:

உங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது?
அது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?
யாருடைய நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறீர்கள்?
யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்?
உங்களை நாங்கள் எப்படி வெளியேற்றுவது?

முதல் நான்கையும் எந்த ஆட்சியாளரும் ஏதோ ஒரு வகையில் சமாளித்துவிடுவார். சர்வாதிகாரிகூட மக்கள் நலனுக்காகவே ஆள்கிறேன் என்பார். வரலாற்றுக்குப் பதில் சொல்வேன் என்பார். ஐந்தாவது கேள்வியில்தான் பேச்சு நின்றுபோகும். உங்களை ஆள்பவரை உங்களால் வெளியேற்ற முடியாவிட்டால் நீங்கள் ஜனநாயகத்தில் வாழவில்லை என்று பென் இதற்கு முடிவு சொன்னார்.

பென் 1925-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். அஞ்சல்துறை, தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி எனப் பல துறைகளில் அமைச்சராக இருந்தார். அமைச்சர் பதவி ஏற ஏற வலதுபக்கம் நகர்வது அரசியலில் வழக்கம். இவரோ நிர்வாகத்தை உள்ளிருந்து பார்க்கப் பார்க்க இடதுபக்கம் நகர்ந்தார். புகைக்குழாயும் தேநீர்க் குவளையும் வேடிக்கைப் பேச்சும் உள்ள பெரியவராக அவரை இன்று பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய வேடிக்கையைக் கொள்கையிலிருந்து பிரித்தால் இரண்டுமே புரியாது. அவருடைய நகைச்சுவையில் பெரும்பகுதி இந்த ஐந்து கேள்விகளின் சுருக்கம்தான்.

முதலில், நமக்கு நெருக்கமான ஒரு பதவியை வைத்துக் கேள்விகளைப் பழகுவோம். பென்னின் தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தார். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்த காந்தியைச் சிறுவன் டோனி நேரில் பார்த்தது அந்தக் குடும்பத் தொடர்பினால்தான். தந்தையின் பதவியிடம் ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். என்ன அதிகாரம்? வைஸ்ராய்க்கே உத்தரவிடும் அதிகாரம். எங்கிருந்து வந்தது? 1858-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? லண்டனில் உள்ள நாடாளுமன்றத்துக்கு. யார் வெளியேற்ற முடியும்? பிரிட்டன் வாக்காளர்கள். ஆளப்பட்ட முப்பது கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்களிடம் அந்த வழி இல்லை. ஒரே அமைச்சர் ஒரு நாட்டு மக்களுக்கு ஜனநாயகத் தலைவர், இன்னொரு நாட்டு மக்களுக்கு அந்நிய ஆட்சியாளர். அவர் தனிப்பட்ட முறையில் நல்லவரா, இந்தியர் மீது பரிவு உள்ளவரா என்பது இதை மாற்றாது. எனவே ஐந்தாவது கேள்வியைக் கேட்கும்போது 'வெளியேற்ற முடியுமா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'யாரால் முடியும்?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பென்னின் சொந்த வாழ்க்கையே பாடம். அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

1942-இல் அவருடைய தந்தைக்கு விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் என்ற பிரபு பட்டம் கிடைத்தது. பரம்பரைப் பட்டம் என்பதால் தந்தைக்குப் பின் மூத்த மகனுக்குப் போகும். மூத்த மகன் மைக்கேல் விமானப்படையில் பணியாற்றி 1944-இல் உயிரிழந்தார். வாரிசுரிமை இளையவரான டோனியின் தலையில் விழுந்தது. 1950-இல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் இடைத்தேர்தலில் வென்று காமன்ஸ் சபைக்குப் போன நாள் முதல் இந்தச் சிக்கல் அவரைத் துரத்தியது. அன்றைய விதிப்படி பிரபுவாக இருப்பவர் காமன்ஸ் சபையில் உட்கார முடியாது. பிரபு பட்டத்தைத் துறக்கவோ சட்டத்தில் வழியில்லை. 1955-இல் தனக்கென ஒரு தனி மசோதா மூலம் வாரிசுரிமையைத் துறக்க முயன்றார். மேல்சபையான பிரபுக்கள் சபை ஏற்கவில்லை.

1960 நவம்பர் 17 அன்று தந்தை இறந்தார். அந்தக் கணமே மகன் பிரபு ஆகிவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை, அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் கொடுத்த பதவியை ஒரு மரணம் பறித்துக்கொண்டது. "நான் தயங்கும் பிரபு அல்ல, விடாப்பிடியான சாமானியன்" என்று செய்தியாளர்களிடம் சொன்னார்.

காலியான தொகுதியில் 1961 மே 4 அன்று இடைத்தேர்தல். தகுதியிழந்தவர் என்று தெரிந்தே பென் நின்றார். அவருக்குப் போடும் வாக்கு வீண் என்று எதிர்த்தரப்பு அறிவிப்பு ஒட்டியது. இது வெறும் மிரட்டல் அல்ல. வேட்பாளர் தகுதியற்றவர் என்று தெரிந்தும் போடப்படும் வாக்குகள் கணக்கில் சேராது என்பது தேர்தல் சட்டத்தின் நிலை. அப்படியானால் இரண்டாவது வந்தவர் வென்றவர் ஆவார். மக்கள் இதைப் படித்துவிட்டும் பென்னுக்கு 23,275 வாக்குகள் போட்டார்கள். கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்குக் கிடைத்தவை 10,231. தேர்தல் நீதிமன்றம் செயின்ட் கிளேருக்கே இடத்தைக் கொடுத்தது. பிறப்பு ஒரு பக்கம், 13,044 வாக்கு வித்தியாசம் மறுபக்கம். சட்டம் பிறப்பின் பக்கம் நின்றது. செயின்ட் கிளேரும் ஒரு பிரபுவின் வாரிசுதான் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த முறையின் கோணல் முழுதாகத் தெரியும்.

பொதுமக்கள் கருத்து பென் பக்கம் திரும்பியது. கடைசியில் கன்சர்வேடிவ் அரசே 1963-இல் பிரபு பட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது இப்படி வேலை செய்கிறது: பட்டம் வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் அதைத் துறக்கலாம், ஏற்கெனவே காமன்ஸ் உறுப்பினராக இருந்தவருக்கு அப்போது அவகாசம் ஒரு மாதம்தான். துறந்தால் திரும்பப் பெற முடியாது. ஆனால் துறப்பு அவருடைய ஆயுளுக்கு மட்டுமே செல்லும். பட்டம் அழிவதில்லை, வாரிசுக்காகக் காத்திருக்கும். சொந்த உரிமையில் பட்டம் பெற்ற பெண்கள் பிரபுக்கள் சபையில் அமரவும் இதே சட்டம்தான் வழிசெய்தது.

1963 ஜூலை 31 மாலை ஆறு மணியளவில் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. 6.22-க்குப் பென் பட்டத்தைத் துறந்துவிட்டார். செயின்ட் கிளேர் ஏற்கெனவே கொடுத்திருந்த உறுதிமொழிப்படி உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். அவரை இதற்காகப் பாராட்ட வேண்டும். ஆகஸ்ட் 20 அன்று நடந்த இடைத்தேர்தலில் வென்று பென் சபைக்குத் திரும்பினார்.

இதன் பெரிய பலன் உடனே எதிர்த்தரப்பான கன்சர்வேடிவ் கட்சிக்காரருக்குப் போனது. அதே அக்டோபரில் பதினான்காவது ஹோம் பிரபு பிரதமராக நியமிக்கப்பட்டார். பென் போராடிப் பெற்ற சட்டத்தைக் கொண்டுதான் அவர் பட்டத்தைத் துறந்து, அலெக் டக்ளஸ்-ஹோம் ஆகி, நவம்பர் 7 அன்று ஓர் இடைத்தேர்தலில் வென்றார். இடைப்பட்ட இரண்டு வாரம் பிரிட்டன் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லை. தனக்காக ஆரம்பித்த வழக்காக இருந்தாலும் பொது விதியாக வென்றெடுத்தால் எதிரிக்கும் அதில் பங்கு உண்டு. கொள்கைக்காகப் போராடுவதை நாம் இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சட்டம் தொடாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். விரும்பாத பிரபு வெளியேற வழி கிடைத்ததே தவிர, விரும்பும் பிரபு பிறப்பால் சட்டம் இயற்றுவது நிற்கவில்லை. 1999-இல் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்கள் வெளியேற்றப்பட்டபோதும் 92 இடங்கள் மிஞ்சின. பென்னின் மூத்த மகன் ஸ்டீபன் 2014-இல் பட்டத்தை ஏற்று, 2021-இல் அந்த இடங்களில் ஒன்றுக்குத் தேர்வாகிப் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார்.

இனி அவருடைய நகைச்சுவைக்கு வருவோம். பரம்பரை ஆட்சியைப் பற்றிப் பேசும்போது அவர் ஒரு பல் மருத்துவரை இழுப்பார்: நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும், "நான் பல் மருத்துவன் இல்லை, ஆனால் என் அப்பா நல்ல பல் மருத்துவர்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? கூட்டம் சிரிக்கும். சிரித்து முடிக்கும்போது இரண்டாவது கேள்விக்கான விடையை அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். அரசியலமைப்புச் சட்டத்தை ஒரு மணிநேரம் விளக்கினாலும் இந்த வேலை நடக்காது. பிரபுக்கள் சபையை ஓய்வுபெற்ற அரசியல்வாதிகளுக்கான வெளி மங்கோலியா, அதாவது கண்காணாத தூரத்து ஒதுக்கிடம், என்றார்; யார் எதற்காக அங்கே அனுப்பப்படுகிறார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

அரசியல்வாதிகளை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார்: கைகாட்டி மரம், காற்றுகாட்டிச் சேவல். கைகாட்டி ஒரு திசையைக் காட்டும். நீங்கள் அந்த வழியே போக வேண்டியதில்லை; ஆனால் பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாலும் அது அங்கேயே இருக்கும். சேவலோ கருத்துக்கணிப்பு வரும்வரை கருத்தே இல்லாமல் நிற்கும். கன்சர்வேடிவ் பிரதமர் மார்கரெட் தாட்சரைக் கடைசிவரை எதிர்த்தவர், அவரைக் கைகாட்டி என்றே மதித்தார். ஆட்களை விடுங்கள், விஷயத்தைப் பேசுங்கள் என்பது அவர் ஓயாமல் சொன்ன அறிவுரை. அவருடைய கேலியும் பதவிகளையும் ஏற்பாடுகளையும் நோக்கித்தான் பாய்ந்தது. அவரைப் போலப் பேச நினைப்பவர்கள் முதலில் கோட்டைவிடுவது இதைத்தான்: ஆளைக் கேலி செய்தால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அந்த ஆள் போனதும் பேச்சு செத்துப்போகும்.

சில வேளைகளில் அவருடைய சாதுரியம் பேச்சாக இல்லாமல் செயலாக வந்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எமிலி வைல்டிங் டேவிசன் நாடாளுமன்ற நிலவறைத் தேவாலயத்தில் உள்ள துடைப்ப அறையில் ஒளிந்திருந்தார். வாக்கில்லாத பெண் தன் முகவரியாக நாடாளுமன்றத்தைப் பதிவு செய்ய எடுத்த முயற்சி அது. அதற்கு ஒரு நினைவுப் பலகை வைக்க வேண்டும் என்று பென் கேட்டுப் பார்த்தார். பிறகு தானே செய்து, தானே அந்த அறையில் திருகாணி போட்டு மாட்டினார். 2009 ஜனவரியில் காசா மக்களுக்கான நிவாரண வேண்டுகோளை ஒளிபரப்ப பிபிசி மறுத்தபோது, பிபிசி நேரலைக்குப் பேட்டி கொடுக்க வந்தவர், பணம் அனுப்ப வேண்டிய முகவரியைப் பேட்டியிலேயே வாசித்துவிட்டார். குடியரசுக் கொள்கை உடையவர் என்பதால், அரசிக்கு விசுவாசம் கூறும் உறுதிமொழியை எடுக்கும்போது, சட்டம் கட்டாயப்படுத்துவதால் எதிர்ப்போடு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்தார். தொகுதி மக்கள் அனுப்பிய இடத்தில் உட்கார அந்தச் சொற்கள் தேவைப்பட்டன. அவர் உட்கார்ந்தார், பொய் சொல்லவும் இல்லை.

இன்றைய நிறுவனம் ஒன்றில் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிகாரம் வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது. 1997 வரை இது நிதியமைச்சர் கையில் இருந்தது; தொழிற்கட்சி அரசு குழுவிடம் ஒப்படைத்து, 1998 சட்டத்தால் உறுதிசெய்தது. யாருடைய நலன்? அரசு குறித்துக் கொடுக்கும் பணவீக்க இலக்கு, இப்போது 2 சதவீதம். கடன் வாங்கியவர், சேமித்தவர், வேலை தேடுபவர் ஆகியோரின் நலன்கள் ஒன்றோடொன்று மோதும்போது இந்த எண்தான் முதலில் நிற்கும். யாருக்குப் பதில்? இலக்கிலிருந்து ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால் ஆளுநர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும். நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரிக்கும். எப்படி வெளியேற்றுவது? உறுப்பினர்கள் ஒன்பது பேரில் ஒருவரையும் வாக்காளர் நேரடியாக வெளியேற்ற முடியாது.

இங்கே நான்காவது கேள்விக்கு நல்ல விடை இருக்கிறது, ஐந்தாவதற்கு இல்லை. பதில் சொல்வதும் பதவி போவதும் வேறு வேறு. விளக்கக் கடிதம் எழுதியதும் கடமை முடிந்தது என்று விட்டுவிடும் ஏற்பாடுகள் உலகம் முழுவதும் உண்டு. இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்டால்தான் அவை பிடிபடும். வட்டி விகிதத்தைத் தேர்தல் கணக்கிலிருந்து காப்பதற்கே இப்படி வைத்தோம் என்று ஆதரவாளர்கள் வாதிடுவார்கள். அது வாதத்துக்குரிய பதில்தான். ஆனால் ஜனநாயகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேறொன்றை வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு பேச வேண்டிய வாதம் அது.

பென் தன் கட்சியிடமும் இதே கேள்விகளைக் கேட்டார். அதில்தான் அதிகப் பகை சம்பாதித்தார். கட்சி உறுதியாக வெல்லும் ஒரு தொகுதியில் ஒருமுறை வேட்பாளராகிவிட்ட தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரை உள்ளூர்க் கட்சியால் அசைக்க முடியாத நிலை இருந்தது. ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கு முன்பும் உறுப்பினர் மீண்டும் கட்சியின் தேர்வுக்கு வர வேண்டும் என்ற விதியை இடதுசாரிகள் வென்றெடுத்தார்கள். தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுத்த முறையும் 1981 ஜனவரியில் மாறியது. தொழிற்சங்கங்களுக்கு 40, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 சதவீதம் என்று வாக்கு பிரிக்கப்பட்டது.

அந்த முறையில் நடந்த முதல் பெரிய போட்டி, அதே செப்டம்பரில் துணைத்தலைவர் பதவிக்கு. இரண்டாம் சுற்றில் கட்சியின் வலதுசாரித் தரப்பைச் சேர்ந்த டெனிஸ் ஹீலி 50.426 சதவீதம், பென் 49.574. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. தொகுதிக் கட்சிகளின் 30-இல் பென்னுக்கு 24.327 கிடைத்தது. சங்கங்களின் 40-இல் 15.006, உறுப்பினர்களின் 30-இல் 10.241.

இங்கேதான் முறையின் ஓட்டை தெரிந்தது. ஒரு சங்கத்தின் லட்சக்கணக்கான வாக்குகளும் ஒரே கட்டாகப் போடப்பட்டன. போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் கிளைகளிடம் கருத்துக் கேட்டபோது ஹீலிக்கே ஆதரவு கூடுதலாக இருந்தது. மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள் இரண்டாம் சுற்றில் பென்னுக்குப் போட்டார்கள். பென்னின் ஐந்து கேள்விகளை அந்தக் கட்டு வாக்கிடம் கேட்டால் நான்காவதிலேயே அது தடுமாறும். தனக்குச் சாதகமான ஏற்பாட்டையும் அதே கடுமையோடு விசாரிக்கும்போதுதான் இந்தக் கேள்விகளுக்கு மதிப்பு. 1981-இல் பென் தரப்பு அதைப் போதிய அளவு செய்யவில்லை என்பது எங்கள் கருத்து.

கடைசியாக ஐரோப்பா. ஐரோப்பியச் சமூகம் எனப்பட்ட ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் சேர்ந்ததைப் பென் எதிர்த்த காரணத்தைப் பலர் தேசியவாதம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டன் வாக்காளர் நியமிக்காத, வெளியேற்றவும் முடியாத ஆணையர்கள் சட்டம் முன்மொழிகிறார்கள் என்று தன் பிரிஸ்டல் வாக்காளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர் வாதம் ஐந்தாவது கேள்வியில்தான் நின்றது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மக்கள் அதிகாரத்தை ஐந்தாண்டு கடன் கொடுக்கிறார்கள். கடனாக வாங்கியதை வேறொருவருக்குத் தானம் செய்ய உறுப்பினர்களுக்கு உரிமையில்லை, மக்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். பொது வாக்கெடுப்பு என்ற யோசனையை அவர் முன்வைத்தபோது கட்சியில் ஆதரவு மிகக் குறைவு. இதே சிறு ரப்பர் படகில் ஒருநாள் கட்சி முழுவதும் ஏற வேண்டிவரலாம் என்று பின்னாளில் பிரதமரான ஜேம்ஸ் கலகன் மட்டும் கணித்தார். 1972-இல் கட்சி அந்த யோசனையை ஏற்றது. அதை எதிர்த்து ராய் ஜென்கின்ஸ் துணைத்தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

1975 ஜூன் 5 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பிரிட்டன் பொதுச் சந்தையிலிருந்து விலக வேண்டும் என்று பென் பிரசாரம் செய்தார். நீடிக்க வேண்டும் என்று 67 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மக்கள் பேசிவிட்டால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்பட எல்லோரும் அந்த முடிவின் முன் நடுங்க வேண்டும், அந்த மனநிலையோடுதான் இதை ஏற்கிறேன் என்று மறுநாள் சொன்னார். சில நாளில் பிரதமர் ஹரோல்ட் வில்சன் அவரைத் தொழில் துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றினார்.

முடிவை ஏற்றார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1983 தேர்தல் அறிக்கையில் ஐரோப்பியச் சமூகத்திலிருந்து விலகுவோம் என்று தொழிற்கட்சி மீண்டும் மக்கள் முன் வைத்தது, கிடைத்தது 27.6 சதவீத வாக்கு, 209 இடங்கள். பிரிஸ்டல் கிழக்கில் பென்னும் தோற்றார். மறு ஆண்டு மார்ச் 1 அன்று செஸ்டர்ஃபீல்ட் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று திரும்பியவர், 2001-இல் அரசியலுக்கு அதிக நேரம் ஒதுக்கப்போவதாகச் சொல்லி நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறும்வரை அங்கேயே உறுப்பினராக இருந்தார்.